மோட்டார்ஹோம் உள்விளக்குகளை எல்இடிக்கு மாற்றினேன், ஒரே நாள் ஓட்டத்தில் நான்கு போய்விட்டன. தவறு பல்பிலா, வயரிங்கிலா?

நடமாடும்வீடு:
எல்லோருக்கும் வணக்கம். பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே சமைத்து, படுத்துத் தூங்கும் வண்டி) ஒன்றை வாங்கி ஒரு வருடம் ஆகிறது. உள்ளே மொத்தம் பதினான்கு விளக்குகள். அதில் ஒன்பது ஜி4 (இரண்டு ஊசி உள்ள குட்டி பல்பு) ஹாலோஜன், ஒவ்வொன்றும் 10 வாட். சமையல் மேடைக்கு மேலே ஒன்று, மேசைக்கு மேலே ஒன்று என இரண்டு 8 வாட் டியூப்லைட். அலமாரி, கழிவறை, வாசல்படி மூன்றிலும் ஃபெஸ்டூன் பல்பு, அதாவது இரண்டு முனையிலும் உலோக மூடி உள்ள நீள்வடிவ பல்பு.

மின் இணைப்பு இல்லாத இடத்தில் இரண்டு இரவு தங்கினால், இரண்டாம் இரவு விடிவதற்குள் பேட்டரி இறங்கிவிடுகிறது. ஒருமுறை பின்னிரவில் ஹீட்டர் விசிறி நின்றுபோய் எல்லோரும் குளிரில் விழித்துக்கொண்டோம். அன்றைக்கே முடிவெடுத்தேன், விளக்குகளை மாற்றிவிட வேண்டும் என்று.

பத்து எல்இடி அடங்கிய ஒரு பொட்டலம் வாங்கினேன். மேலே '12 வோல்ட்' என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. ஒன்பதையும் போட்டேன். நின்ற வண்டியில் அருமையாக எரிந்தன, ஒரு வாரம் எந்தக் குறையும் இல்லை. அப்புறம் ஒரு நீண்ட பயணம். பின்னால் குழந்தைகள் படித்துக்கொண்டு வந்ததால் விளக்குகள் நாள் முழுக்க எரிந்தன. மாலையில் நிறுத்திப் பார்த்தால் நான்கு செத்துவிட்டன, ஒன்று துடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றிப் பார்த்தேன். பின்பக்கம் சின்னக் கறுப்புச் சதுரம் ஒன்றைச் சுற்றிப் பலகை பழுப்பாகக் கருகியிருக்கிறது. விரலில் பிடிக்க முடியாத சூடு.

வாங்கிய சரக்கு மட்டமா, இல்லை என் வயரிங்கில் ஏதாவது கோளாறா? மறுபடி வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

செம்புக்கம்பி:
ஒரு மல்டிமீட்டர் எடுத்து, விளக்கு ஹோல்டரின் இரண்டு முனைகளிலும் வோல்ட் பாருங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது ஒன்று, இன்ஜின் ஓடும்போது ஒன்று, வெளி மின்சாரத்தில் சார்ஜர் வேலை செய்யும்போது ஒன்று. மூன்று எண்களையும் எழுதுங்கள். கையோடு, மிச்சமிருக்கும் ஹாலோஜன் ஒன்று எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்றும் அளந்துவிடுங்கள், பின்னால் உதவும்.

நடமாடும்வீடு:
அளந்துவிட்டேன். அணைந்திருக்கும்போது 12.6. இன்ஜின் ஓடும்போது 14.4. சார்ஜரில் 14.3. ஹாலோஜன் ஒன்று 0.85 ஆம்பியர் எடுக்கிறது.

செம்புக்கம்பி:
வயரிங்கில் குறை ஒன்றும் இல்லை. உங்கள் வண்டி எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் இருக்கிறது. பல்பு செய்தவர்தான் 12 வோல்ட் என்றால் 12 வோல்ட் என்று எடுத்துக்கொண்டார்.

வண்டியில் 12 வோல்ட் என்பது ஒரு பெயர் மட்டுமே. ஈய அமில பேட்டரி நிறைந்து ஓய்ந்திருக்கும்போது 12.7 காட்டும். பாதி காலியானால் 12.1, 12.2. ஆல்டர்னேட்டரோ (இன்ஜின் சுழற்றும் மின்னாக்கி) சோலார் கட்டுப்பாட்டுக் கருவியோ அதற்குள் மின்சாரத்தைத் தள்ளும்போது 14.4 வரை ஏறும். சில வண்டிகளில் அதற்கும் கொஞ்சம் மேலே போகும். உள்விளக்குகள் இந்த முழு ஏற்ற இறக்கத்தையும் தாங்கியாக வேண்டும்.

ஹாலோஜன் இதைச் சமாளித்துக்கொள்ளும், கொஞ்சம் பிரகாசமாக எரிந்து ஆயுள் குறையும், அவ்வளவுதான். எல்இடி வேறு மாதிரி. மலிவான பல்பில் மூன்று எல்இடி சில்லுகளை வரிசையாகக் கோர்த்து, மிச்ச வோல்டைத் தின்ன ஒரு ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள். வெள்ளைச் சில்லு ஒன்றுக்கு ஏறக்குறைய 3.2 வோல்ட், மூன்றுக்கு 9.6. வண்டி 12 வோல்டில் இருந்தால் ரெசிஸ்டர் மேல் விழுவது 2.4. இன்ஜின் ஓடி 14.4 ஆனால் விழுவது 4.8. உள்ளே வருவது ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது, ஆனால் ரெசிஸ்டர் மேல் இரட்டிப்பாகிவிட்டது. அதனால் ஓடும் மின்னோட்டமும் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

நீங்கள் பார்த்த கறுப்புச் சதுரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், '151' என்று எழுதியிருக்கலாம். 15-க்குப் பின்னால் ஒரு பூஜ்யம், அதாவது 150 ஓம். 12 வோல்டில் அதன் வழியே 16 மில்லி ஆம்பியர் போகும். 14.4-இல் 30-ஐ நெருங்கும். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்றபடி ஏறுவதால், ரெசிஸ்டர் மூன்று மடங்குக்கு மேல் சுடும். எட்டில் ஒரு வாட் தாங்கும் பொடி ரெசிஸ்டருக்கு அது எல்லை தாண்டிய சூடு. நீங்கள் கண்ட பழுப்பு வட்டம் அதுதான். நின்ற வண்டியில் ஒரு வாரம் தாங்கியது ஒரே நாள் ஓட்டத்தில் போனதற்கும் இதுவே காரணம்.

அடுத்து வாங்கும்போது பெட்டியில் வோல்ட் எல்லை எழுதியிருக்கிறதா பாருங்கள். '10 முதல் 30' என்றோ '8 முதல் 30' என்றோ போட்டிருந்தால் உள்ளே மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் டிரைவர் இருக்கிறது என்று பொருள். வெறும் '12 வோல்ட்' என்று போட்டிருந்தால் மோட்டார்ஹோமுக்கு வாங்காதீர்கள். எத்தனை லூமன் (வெளிச்சத்தின் அளவு), எத்தனை வாட், எவ்வளவு ஆயுள் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நடமாடும்வீடு:
பூதக்கண்ணாடியில் பார்த்தேன். '151' என்றே இருக்கிறது. மூன்று சில்லுக்கு ஒன்று என்று மூன்று இருக்கின்றன. மிக்க நன்றி, இவ்வளவு பொறுமையாக யாரும் இதை எனக்குச் சொன்னதில்லை.

மைல்கல்:
நண்பரே, விளக்கு மாற்றுவது நல்லதுதான். ஆனால் பேட்டரி இறங்குவதற்கு விளக்கு மட்டும்தான் காரணமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். ஏமாற்றம் அடையக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் ஃபிரிட்ஜ் எந்த வகை? எரிவாயுவிலும் ஓடும் வகை என்றால், அது 12 வோல்டில் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வண்டி ஓடும்போது மட்டும் பயன்படுத்தத்தான் அந்த வசதி. நிறுத்திய பிறகும் தவறுதலாக 12 வோல்டிலேயே விட்டால் சில மணி நேரத்தில் பேட்டரி காலி, அங்கே எந்த எல்இடியும் காப்பாற்றாது. பல வண்டிகளில் இன்ஜின் அணைந்ததும் தானாகத் துண்டிக்கும் ரிலே இருக்கும். உங்களுடையதில் அது வேலை செய்கிறதா?

இன்னொன்று. டியூப்லைட்டை அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள். 8 வாட் டியூப் ஏறக்குறைய 400 லூமன் தரும். 10 வாட் ஹாலோஜன் 130 தந்தால் பெரிது. குறைந்த மின்சாரத்தில் மூன்று மடங்கு வெளிச்சம் தருகிற ஒன்றை மாற்றி என்ன மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள்? அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் வெளி மின்சாரத்தில் நிற்பவர்களுக்கு இந்த வேலையே தேவையில்லை என்பது என் கருத்து. வருடத்தில் நான்கைந்து இரவு எரியும் அலமாரி விளக்கையெல்லாம் மாற்றி ஒரு பயனும் இல்லை.

நடமாடும்வீடு:
நல்ல கேள்வி. ஃபிரிட்ஜ் ரிலே சரியாகத் துண்டிக்கிறது, இன்று சோதித்தேன். நிறுத்தியதும் எரிவாயுவுக்கு மாற்றிவிடுவோம். இரவில் ஓடுவது ஹீட்டர் விசிறி, தண்ணீர் பம்பு, விளக்குகள். வேறு எதுவும் இல்லை.

செம்புக்கம்பி:
மைல்கல் சொன்ன வரிசை சரி. அந்தக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மாலையில் ஐந்து ஹாலோஜன் நான்கு மணி நேரம் எரிந்தால் 0.85 வீதம் 17 ஆம்பியர்-மணி. இரண்டு டியூப்புக்கு இன்னும் ஐந்தரை. ஓர் இரவுக்கு 22க்கு மேல், இரண்டு இரவுக்கு 45. உங்களுடையது 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி என்றால் நலமாக எடுக்கக்கூடியது பாதிதான், 50. விளக்குகளே அதைத் தின்றுவிட்ட பிறகு ஹீட்டர் விசிறிக்கு என்ன மிஞ்சும்? ஐந்து ஹாலோஜனை மட்டும் 1.6 வாட் எல்இடியாக மாற்றினால் அந்த 17 மூன்றுக்கும் கீழே வந்துவிடும். உங்கள் விஷயத்தில் விளக்குதான் காரணம், ஐயமே இல்லை.

எப்போதும் வெளி மின்சாரத்தில் நிற்பவருக்குத் தேவையில்லை என்பதில் மட்டும் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. ஹாலோஜனின் சூடு. பத்து வருடம் எரிந்த விளக்குக் கூடுகளின் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள், பிஸ்கட் மாதிரி நொறுங்கும். மேலே மரப்பலகை கருத்திருக்கும். படுக்கைக்கு அருகே, திரைச்சீலைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு பல்பு எரிவது எனக்குப் பிடிக்கவில்லை. மின்சாரம் தாராளமாகக் கிடைத்தாலும் அதற்காகவே மாற்றுவேன்.

மைல்கல்:
அந்தச் சூட்டு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். என் வண்டியில் படிக்கும் விளக்கின் மூடி அப்படித்தான் உடைந்தது.

அந்திவிளக்கு:
வோல்ட் பற்றி அண்ணன்கள் சொல்லிவிட்டார்கள். நிறத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே!

நான் முதலில் மாற்றியபோது பிரகாசமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் 6000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்) வெள்ளையாக வாங்கிப் போட்டேன். முதல் மாலை ஸ்விட்ச் போட்டதும் மனசு சுருங்கிவிட்டது. மரச் சுவர்கள் சாம்பல் நிறம், தட்டில் இருக்கும் சாப்பாடு சாம்பல் நிறம், எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் காய்ச்சல்காரர் முகம். மருத்துவமனைக் காத்திருப்பு அறை போல ஆகிவிட்டது வண்டி. இரண்டு வாரம் பழகிப் பார்த்தேன், பழகவில்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 2700 கெல்வின் போட்ட பிறகுதான் மறுபடி வீடாயிற்று.

வெள்ளை எல்இடிக்குள்ளே இருப்பது நீலச் சில்லு. அந்த நீல எல்இடியை உருவாக்கியதற்காகத்தான் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நீலத்தின் மேல் மஞ்சள் பாஸ்பர் (ஒளியின் நிறத்தை மாற்றும் பொருள்) பூசினால் வெள்ளையாகத் தெரியும். பூச்சு மெல்லிதாக இருந்தால் நீலம் மிஞ்சும், அதுதான் அந்தக் குளிர்ந்த வெள்ளை. பூச்சு கூடி, சிவப்பு தரும் பாஸ்பரும் சேர்ந்தால் இதமான மஞ்சள் வெள்ளை வரும், லூமன் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவைப் பொருட்படுத்தாதீர்கள், ஒரு விளக்கைக் கூடுதலாகப் போட்டாலும் ஹாலோஜன் செலவில் பத்தில் இரண்டு பங்கு வராது.

பெட்டியில் இன்னொரு எண் இருக்கும், நிறம் காட்டும் திறன். 80 என்றால் பரவாயில்லை, 90க்கு மேல் என்றால் தக்காளி தக்காளியாகவே தெரியும். சமையல் மேடைக்கு மட்டும் நான் 4000 வைத்திருக்கிறேன், காய் நறுக்க வசதி. மற்ற இடமெல்லாம் 2700. ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து விளக்குகளுக்கு வேறு வேறு நிறம் போடாதீர்கள், கண் அதிலேயே போய் நிற்கும்.

மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒன்றே ஒன்று வாங்கி, இருட்டிய பிறகு போட்டு, அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள்.

புதுச்சக்கரம்:
அக்கா, இதைப் படித்தவுடன் என் கூடையில் இருந்த 6000 கெல்வின் பல்புகளை நீக்கிவிட்டேன். நன்றி.

திருப்புளி:
மாட்டும் வேலையைப் பற்றிச் சில வார்த்தை. மற்றவர்கள் வண்டிகளில் நிறைய மாற்றிக்கொடுத்திருக்கிறேன்.

முதலில் விளக்குச் சுற்றின் ஃபியூஸைக் கழற்றுங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சில கூடுகளில் ஸ்விட்ச் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது, ஹோல்டர் வரை மின்சாரம் வந்து நிற்கும். நெம்பும் திருப்புளி இரண்டு முனையையும் தொட்டால் பொறி பறக்கும்.

ஜி4 என்றால் இரண்டு ஊசிக்கும் இடையே 4 மில்லிமீட்டர். அது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆனால் எல்இடி ஜி4-இல் ஊசி பக்கவாட்டில் வரும் வகையும் உண்டு, முதுகிலிருந்து வரும் வகையும் உண்டு. தட்டையான வட்டக் கூட்டில் பல்பு படுத்த மாதிரி கிடந்தால் பக்க ஊசி வேண்டும். பல்பு உங்களை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் முதுகு ஊசி. மாற்றி வாங்கினால் வெளிச்சமெல்லாம் கூட்டின் சுவரில் அடிக்கும். கண்ணாடி மூடிக்கும் ஹோல்டருக்கும் இடையே எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள். எல்இடி வட்டு பழைய பல்பைவிட அகலமானது, அரை சென்டிமீட்டரில் மூடி மூடாமல் போகும்.

பழைய ஹோல்டரைக் கவனியுங்கள். ஹாலோஜன் சூட்டில் உள்ளே இருக்கும் சுருள் பற்று தளர்ந்திருக்கும், செம்பு பச்சை பூத்திருக்கும். எல்இடி ஊசி பல நேரம் கொஞ்சம் மெல்லியது, அதில் லொடலொடவென்று ஆடும். வண்டி குலுங்கும்போது விளக்கு கண் சிமிட்டினால் பல்பைக் குறை சொல்வதற்கு முன் ஹோல்டரைப் பாருங்கள். பீங்கான் ஹோல்டர் புதிதாகவே மாற்றிவிடுவது நிம்மதி.

எரியவில்லையா, திருப்பிப் போடுங்கள். எல்இடிக்குப் பிளஸ் மைனஸ் உண்டு. நல்ல பல்புகளில் எப்படிப் போட்டாலும் எரிய ஏற்பாடு இருக்கும், எல்லாவற்றிலும் இருக்காது. ஃபெஸ்டூனும் அப்படித்தான், முனை மாற்றிப் போட்டால் எரியும். ஃபெஸ்டூனின் நீளத்தை முனைக்கு முனை அளக்க வேண்டும். 31, 36, 39, 41 மில்லிமீட்டர் என்று பல நீளங்கள் வருகின்றன, கண் மதிப்பில் வாங்கினால் பற்று நிற்காது.

அமுக்கித் திருப்பி மாட்டும் பித்தளை அடி உள்ள பல்பு என்றால் அடியைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு புள்ளி இருந்தால் பிஏ15எஸ், இரண்டு புள்ளி என்றால் பிஏ15டி. ஒன்றுக்குப் பதில் மற்றது உதவாது.

அலைவரிசை:
டிரைவர் உள்ள பல்பு வாங்கச் சொன்னீர்கள், சரி. அதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. அந்த டிரைவர்களில் பெரும்பாலானவை மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்பும் வகை. அதில் வடிகட்டி சரியாக வைக்காவிட்டால் விளக்கு ஒரு சின்ன ஒலிபரப்பு நிலையமாக ஆகிவிடும். ரேடியோவில் இரைச்சல் வரும், டிவியில் ஒன்றிரண்டு சேனல் கட்டம் கட்டமாக உடையும். ஆண்டெனா வயர் விளக்கு வயரோடு ஒரே குழாயில் போகும் வண்டிகளில் இது அதிகம்.

சோதிப்பது எளிது. பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோவை மத்திய அலையில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கைப் போட்டு, ரேடியோவைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஒரு கை தூரத்தில் இரைச்சல் அடங்கினால் பிரச்சினை இல்லை. வண்டியின் மறுமுனை வரை கேட்டால் அந்தப் பல்பு வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், விளக்குக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் இரண்டு வயரையும் சேர்த்து ஒரு ஃபெரைட் வளையம் (இரைச்சலை அடக்கும் காந்தப்பொருள் வளையம்) மாட்டிப் பாருங்கள். பல நேரம் போதும். போதாவிட்டால் டிவிக்குப் பக்கத்து விளக்குகளுக்கு மட்டும் வெட்டாத வகை, அதாவது நேர்வகை டிரைவர் உள்ள பல்பு வாங்குங்கள். மிச்ச வோல்டைச் சூடாக வீணாக்கும், ஆனால் சத்தமே போடாது. 2 வாட் விளக்கில் அந்த வீண் பெரிய கணக்கில்லை.

புதுச்சக்கரம்:
என்னிடம் தொட்டால் எரியும் ஸ்விட்ச் உள்ள படிக்கும் விளக்கு இருக்கிறது. எல்இடி போட்ட பிறகு அணைத்தாலும் மினுக்கென்று எரிந்துகொண்டே இருக்கிறது. இருட்டில் தூங்க முடியவில்லை. அபாயமா?

செம்புக்கம்பி:
அபாயம் இல்லை. தொடு ஸ்விட்சும், உள்ளே குட்டி விளக்கு எரியும் ஸ்விட்சும் அணைந்த நிலையிலும் சிறிது மின்னோட்டத்தைக் கசியவிடும். ஹாலோஜனுக்கு அது எறும்புக் கடி, தெரியாது. எல்இடிக்கு அதுவே மினுங்கப் போதும். ஹோல்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். கசிவு அதன் வழியே போய்விடும், விளக்கு முழுதாக அணையும். பற்றவைக்கத் தெரியாவிட்டால் சாதாரண ஸ்விட்சாக மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

புதுச்சக்கரம்:
இன்னொரு கேள்வி. மின்னோட்டம் இவ்வளவு குறைந்துவிட்டால் 10 ஆம்பியர் ஃபியூஸை மாற்ற வேண்டுமா?

செம்புக்கம்பி:
கட்டாயம் இல்லை. ஃபியூஸ் காப்பது வயரை, விளக்கை அல்ல. வயருக்கு 10 சரியென்றால் அது அப்படியே இருக்கலாம். ஆனால் 5-ஆகக் குறைத்தால் எங்காவது வயர் உரசிக் கசிந்தால் சீக்கிரம் அறுந்து காப்பாற்றும், நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். அதற்கு முன் அதே சுற்றில் தண்ணீர் பம்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஃபியூஸைக் கழற்றிவிட்டுக் குழாயைத் திறந்தால் தெரிந்துவிடும். பம்பும் அதில் இருந்தால் குறைக்காதீர்கள். எக்காரணம் கொண்டும் கூட்டாதீர்கள்.

திருப்புளி:
மங்கலாக்கும் டிம்மர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிரைவர் உள்ள பல்பு உள்ளே வரும் வோல்ட் குறைந்தாலும் அதே வெளிச்சத்தைத் தர முயலும். பழைய டிம்மரோடு சேர்ந்தால் துடிக்கும், இல்லையென்றால் ஒரேயடியாக அணையும். 'டிம்மருக்கு ஏற்றது' என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கார்களுக்கென்று விற்கும் 'கேன்பஸ்' பல்புகளையும் வீட்டுப் பகுதிக்கு வாங்காதீர்கள். பல்பு போய்விட்டது என்று காரின் கணினி நினைக்காமல் இருக்க, அதில் வேண்டுமென்றே ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து மின்சாரத்தைச் சூடாக்கியிருப்பார்கள். நாம் மிச்சம் பிடிக்க நினைப்பதை அது தின்றுவிடும். ஓட்டுநர் அறையின் கதவு விளக்குக்கு வேண்டுமானால் சரி. முகப்பு விளக்கு, பிரேக் விளக்கு பக்கம் கை வைக்கவே வேண்டாம். அவற்றுக்கு ஒளி விழும் கோணம் முதல் எல்லாவற்றுக்கும் சட்ட விதி உண்டு, பல நாடுகளில் பல்பை மட்டும் எல்இடியாக மாற்றுவது குற்றம்.

நடமாடும்வீடு:
டியூப்லைட்டைப் பற்றி: மைல்கல் சொன்னபடி கடைசிக்கு வைத்திருந்தேன், ஆனால் மேசைக்கு மேலே இருந்தது இப்போது தானாகவே போய்விட்டது. எரிய முயன்று முனையில் ஆரஞ்சாக நிற்கிறது. கூடு நன்றாக இருக்கிறது. அதற்குள்ளேயே எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டலாமா?

திருப்புளி:
தாராளமாக. கூட்டுக்குள் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், 12 வோல்டை டியூப்புக்கு வேண்டிய உயர் வோல்டாக மாற்றுவது. அதிலிருந்து டியூப் முனைகளுக்குப் போகும் வயரில் ஸ்ட்ரிப்பைக் கொடுத்துவிடாதீர்கள், நொடியில் போய்விடும். பெட்டியை முழுதாக எடுத்துவிட்டு, அதற்குள் நுழையும் 12 வோல்ட் வயர் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 30 சென்டிமீட்டர் அலுமினியப் பட்டை ஒன்றை உள்ளே திருகி, அதன் மேல் ஸ்ட்ரிப்பை ஒட்டுங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் ஒட்டினால் சூட்டில் பசை இளகி, ஒருநாள் மூடிக்குள் தொங்கும். பழைய டியூபில் பாதரசம் இருக்கிறது, குப்பையில் உடைத்துப் போடாமல் அதற்கான சேகரிப்பு இடத்தில் கொடுங்கள்.

செம்புக்கம்பி:
ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஸ்ட்ரிப்பும் மூன்று சில்லு, ஒரு ரெசிஸ்டர் கதைதான். உங்கள் பல்பைக் கொன்ற அதே '151' அதிலும் இருக்கும். வோல்டை 12-இல் நிலைநிறுத்தும் சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றை, அந்தப் பழைய பெட்டி இருந்த இடத்தில் வைத்துவிடுங்கள்.

நடமாடும்வீடு:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வேலை முடிந்தது, ஒரு நீண்ட பயணமும் போய் வந்தோம்.

ஒன்பது ஜி4-இல் ஏழு '10 முதல் 30 வோல்ட்' வெட்டும் வகை, 1.6 வாட், 2700 கெல்வின். டிவிக்கு இரண்டு பக்கமும் நேர்வகை. அலைவரிசை சொன்ன ரேடியோ சோதனையில் முதலில் வாங்கிய ஒரு மாதிரி தோற்றுவிட்டது, ஐந்தடி தள்ளி நின்றாலும் இரைச்சல். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினேன். இரண்டு ஹோல்டர்கள் பச்சை பூத்திருந்தன, மாற்றிவிட்டேன். மேசை விளக்கில் ஸ்ட்ரிப், அதற்கு முன்னால் 12 வோல்ட் பலகை. சமையல் மேடை டியூப் அப்படியே இருக்கிறது. அலமாரி ஃபெஸ்டூனையும் தொடவில்லை.

ஒன்பதையும் ஒன்றாகப் போட்டு அளந்தேன். 12.6 வோல்டில் 1.19 ஆம்பியர். முன்பு ஏழரைக்கு மேல். இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை: வோல்ட் 14.4-க்கு ஏறியது, ஆம்பியர் 1.08-க்கு இறங்கியது. வெளிச்சத்தில் துளி மாற்றம் இல்லை. மீட்டரைப் பார்த்துக்கொண்டே இரண்டு மூன்று முறை இன்ஜினை அணைத்துப் போட்டேன்.

செம்புக்கம்பி:
அதுதான் வெட்டும் வகை டிரைவரின் குணம். எல்இடிக்கு வேண்டிய வாட் மாறாது, வோல்ட் கூடினால் அந்த அளவுக்கு ஆம்பியரைக் குறைத்து எடுக்கும். இறங்கியது முழுக்க அந்த ஏழில்தான், நேர்வகை இரண்டும் அப்படியே இருந்திருக்கும்.

இன்னொன்றும் கவனித்தீர்களா? கடைசிப் படுக்கை விளக்கு முன்பு மங்கலாக இருந்திருக்கும். வயர் நீளமாகப் போகும் இடத்தில் ஐந்தாறு ஆம்பியர் ஓடினால் வயரிலேயே ஒரு வோல்ட் வரை தொலைந்துவிடும்.

நடமாடும்வீடு:
ஆமாம்! பின்னால் இருப்பது எப்போதும் சோகையாக எரியும், பல்பு பழசு என்று நினைத்திருந்தேன். இப்போது முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே மாதிரி.

மின் இணைப்பு இல்லாத இடத்தில் இரண்டு இரவு தங்கினோம். மாலை முழுக்க விளக்குகள் எரிந்தன, ஹீட்டர் விசிறி இரண்டு இரவும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், எதையும் போடுவதற்கு முன் பேட்டரியை அளந்தேன். 12.4.